ஈரம் காட்டிய பாறை

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி, புதன்கிழமை. வழக்கம்போல எழுந்து வாசல் தெளித்தேன். பனி இறங்கியிருந்ததால் கோலமாவு விரலிலேயே ஒட்டிக்கொண்டது. நாட்குறிப்பில் வானத்தையும் ஆற்றையும் முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். அன்று எழுதியது: “மேகம் இல்லை. மலை தெளிவு. ஆற்றில் தண்ணீர் குறைவு.”

பிறகு சோறு வடித்து, சாமி படத்துக்குப் பூ மாற்றி, எட்டரைக்கு எங்கள் ஊர் நூலகத்தைத் திறந்தேன். நான் அங்கே நூலகர். பழைய நாளிதழ்களைத் தேதிவாரியாகக் கட்டி மேலே ஏற்றினேன். திரும்பி வந்த ஒரு சமையல் புத்தகத்தில் மஞ்சள் கறை இருந்தது; பஞ்சால் ஒற்றித் துடைத்தேன். மறுநாள் வியாழக்கிழமைக்கு மட்டும் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கே விடுமுறை.

சபரிமலைக் கூட்டம் வடிந்து, கம்பம் சாலைப் பேருந்துகளில் உட்கார இடம் கிடைக்கத் தொடங்கிய வாரம் அது. அதற்காகத்தான் காத்திருந்தோம்.

மாலையில் நூலகத்தைப் பூட்டும்போது ஈஸ்வரி வந்து நின்றாள். என் தம்பி சுருளிவேலின் மனைவி. கையில் ஒரு துணிப்பை. அதில் புளிச்சோறு, இரண்டு தண்ணீர் பாட்டில், தம்பியின் ஒரு மாற்றுச் சட்டை.

“சட்டை எதுக்குத்தா?” என்றேன்.

“நனைஞ்சிருந்தா மாத்திக்கிருவாகல்ல மதினி.”

அவன் காணாமல் போய் அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இரண்டு கதைகள்

நான் எழுதிவரும் இந்தத் தொடரில் தம்பியைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை. எழுதினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று பயம். அவனைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கதைகள் இருந்தன. ஒன்றை எழுதினால் மற்றதைக் கொன்றதாகும்.

நடந்தது இவ்வளவுதான். ஆவணியில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். சுருளியும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒரு வேனில் போனார்கள். திரும்பும் வழியில், குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் ஒரு மீனவ ஊரில் வண்டியை நிறுத்தினார்கள். மற்ற மூவரும் மேலே தென்னை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுருளி தூண்டிலை எடுத்துக்கொண்டு பாறைக்கு இறங்கினான். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் பாறை மேல் அவன் செருப்பும் சட்டையும் இருந்தன. அவன் இல்லை. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. கத்தல் கேட்டதாகவும் யாரும் சொல்லவில்லை. சேதி கேட்டு நாங்களும் போனோம். அந்த ஊர்க்காரர்கள் படகிலும் முங்கியும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

கடல் கொண்டுபோய்விட்டது என்பது ஒரு கதை.

மற்றது, கோபித்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டான் என்பது. மலை என்றால் எங்கள் பக்கத்தில் கேரளத்து ஏலத்தோட்டம். அங்கே போய் ஆறு மாதம் ஒரு வருடம் இருந்துவிட்டு, தாடியோடு திரும்பி வந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது வீட்டில் சண்டை. திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைக்கவேண்டும் என்று அவன் சொல்ல, கூடாது என்று இவள் சொல்ல, கடைசியில் கூட்டாளிகள் காதுபடக் கத்தியிருக்கிறாள்: “போங்க, போனவுக அங்கனயே இருந்துக்கங்க. நான் நிம்மதியா இருப்பேன்.”

சுருளி ஜாக்கிரதையான ஆள். மின்கம்பத்துக்குப் பக்கத்தில் கூட நிற்கமாட்டான். சைக்கிளில் போகும்போது எதிரே லாரி வந்தால் இறங்கி ஓரமாக நிற்பான். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன். “அவனாவது, கால் வழுக்கி விழுறதாவது” என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அதனால் இரண்டாவது கதைக்குத்தான் கை கால் முளைத்தது. குமுளி பேருந்து நிலையத்தில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். கட்டப்பனையில் ஒரு ஏலக்காய்க் களத்தில் அதே சாடை, அதே நடை என்று இன்னொருவர்.

ஈஸ்வரி எல்லா இடத்துக்கும் போய் வந்தாள். போய் வந்து கொஞ்சம் மலையாளமும் பேசினாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கி வரும். அவள் சாலையோரம் நின்று ஒவ்வொரு ஜீப்பாகப் பார்ப்பாள். டிரைவர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். “என்னக்கா, தெனமும் வந்து அட்டெண்டன்ஸ் எடுக்குறீகளா?” என்றான் ஒருவன். பிறகு அவர்களே வேகத்தைக் குறைத்து, “இன்னைக்கு இல்லக்கா” என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

தை அமாவாசைக்குச் சுருளித் தீர்த்தத்தில் வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று பங்காளிகள் பேசினார்கள். எங்கள் பெரியப்பாதான் அவளிடம் வந்து சொன்னார். உடம்பு கிடைக்காவிட்டாலும் தர்ப்பையில் உருவம் செய்து செய்யலாமாம். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

“செத்தவுகளுக்குத்தான மாமா காரியம்? இருக்கவுகளுக்கு யாரு செய்வா?” என்றாள்.

“அப்ப அவன் எங்கன இருக்கான்னு சொல்லுத்தா.”

“அந்த எடத்த எனக்குக் காட்டுங்க. ஆவணியில எல்லாரும் போனீக, என்னைய மட்டும் கூட்டிட்டுப் போகல. அங்கன இருந்து மேல ஏறி வர வேற வழி இல்லேன்னு என் கண்ணால பாத்துட்டா, நானே வந்து நாள் பாக்கச் சொல்றேன்.”

பெரியப்பா என்னைப் பார்த்தார். தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது; காரியம் எதுவும் செய்யாமல் கழிந்தது. புதன்கிழமை நாங்கள் கிளம்பினோம்.

தூண்டில் வளைவு

விடிந்து வெயில் ஏறும்போது அந்த ஊரில் இறங்கினோம். ஒரு மாதா கோவில், வலை பின்னும் கொட்டகை, பனை ஓலைப் பாயில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ஈஸ்வரி கடலைப் பார்த்ததில்லை. சந்து முடிந்து அது தெரிந்ததும் நின்றாள்.

“இம்புட்டுத் தண்ணியா” என்றாள். பிறகு, “அங்கிட்டுக் கரை எங்கன இருக்கு?”

“இதுக்கு அங்கிட்டுக் கரை கிடையாதுத்தா.”

நம்பாதவள்போல ரொம்ப நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

சாலை முடியும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. “தூண்டில் வளைவு” என்று எழுதியிருந்தது. அலை ஊரை அரிக்காமலிருக்கக் கடலுக்குள் பெரிய கற்களைக் கொட்டி, கொக்கி மாதிரி வளைத்துக் கட்டும் தடுப்புக்கு அரசாங்கம் வைத்த பெயர் அது. கூட்டாளிகள் ஆவணியிலேயே எங்களிடம் சொன்னார்கள்: இந்தப் பலகையைப் பார்த்துத்தான் சுருளி வேனை நிறுத்தச் சொன்னானாம். “பாத்தீகளா, தூண்டி போடுறவுகளுக்குன்னே தனியா ஒரு எடத்தக் கட்டிப் போர்டு வச்சிருக்காக. இந்த ஊருதாண்டா ஊரு” என்று குதித்தானாம். எங்கே போனாலும் மூன்று துண்டாகக் கழற்றும் ஒரு தூண்டில் கம்பும், தகர டப்பாவில் மண்புழுவும் அவனோடு போகும். கல்யாண வீட்டுக்கும் போயிருந்தது.

வளைவுக்கு வடக்கே மணல் இல்லை; பாறைதான். கருப்பும் செம்பழுப்புமாய்ச் சின்ன மலையை உடைத்துக் கடலில் கொட்டியது மாதிரி. இறங்க ஒழுங்கான படி கிடையாது. கற்களின் இடுக்கில் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும். கடல் அன்று பச்சையாக இருந்தது. நெடுநேரம் அசையாமல் கிடக்கும். பிறகு எங்கோ தூரத்தில் ஒரு மடிப்பு கிளம்பும். அது கரைக்கு வரும்வரை சத்தம் இராது. பாறையில் முட்டிய பிறகுதான் குடல் அதிரும். வெள்ளையாக வழிந்து இறங்கியதும் மறுபடி ஒன்றும் நடக்காதது மாதிரி.

பெரிய பாறையின் மேல் ஒருவர் உட்கார்ந்து நைலான் நரம்பைக் கையிலேயே சுற்றி வீசிக்கொண்டிருந்தார். பெயர் சூசை. ஐம்பது வயதிருக்கும். ஆவணியில் முங்கித் தேடியவர்களில் அவரும் ஒருவர். என்னை அவருக்கு முகம் தெரிந்தது.

“தேனிக்காரியல்லா? வாங்க, வாங்க. போன மாசம் எனக்க மருமொவன் உங்க ஊரு திராச்ச ஒரு பெட்டி கொண்டாந்தான். ஒரே புளிப்பு!”

“புளிச்சா அது எங்க பந்தலுப் பழமா இருக்காதுண்ணே” என்றாள் ஈஸ்வரி. அவ்வளவு துக்கத்திலும் அதைச் சொல்லாமல் விட முடியவில்லை அவளால். அவர் சிரித்தார். பிறகு இவள் யார் என்று புரிந்து, சிரிப்பை நிறுத்தினார்.

அவள் அவரிடம் எல்லாவற்றையும் கேட்டாள். செருப்பு எங்கே இருந்தது. சட்டை மடித்திருந்ததா, கழற்றிப் போட்ட மாதிரி இருந்ததா. இங்கே என்ன மீன் கிடைக்கும்.

“பாரைக் குட்டி உண்டு. கலவாய் உண்டு. தண்ணி வெளுத்து நொரஞ்சு கெடக்க எடத்துல நல்லா கடிக்கும். எர என்ன போட்டாரு?”

“மண்புழு.”

“மண்புழுவா? கடல்லயா?” வாய்விட்டு வந்த வார்த்தையை அவரே விழுங்கிக்கொண்டார். “நாங்க சிப்பிச் சதைதான் போடுவோம். அங்கன ஆழமா போடணும்.”

செருப்பு இருந்த இடத்தைக் காட்டினார். அது பெரிய பாறையின் உச்சி. எப்போதும் காய்ந்து கிடக்கும் இடம். காக்கை எச்சம் வெள்ளை வெள்ளையாய் இருந்தது. செருப்பு ஜோடியாக, ஒழுங்காக வைத்திருந்ததாம். சட்டை மடித்திருந்ததாம்.

“மடிச்சு வச்சிருந்தாகளா” என்றாள் ஈஸ்வரி. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. “வீட்டுல ஒரு நா சட்டையை மடிச்சது கெடையாது மதினி. வேணும்னேதான் மடிச்சு வச்சிருக்காக. எனக்குக் காட்டுறதுக்கு.”

இன்னொரு வழி

பிறகு அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். இங்கிருந்து மேலே போக வேறு வழி உண்டா?

இல்லை என்று சூசை சொல்லுவார் என நான் எதிர்பார்த்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விடுப்பு எடுத்து, இரவெல்லாம் பேருந்தில் கழுத்து வலிக்க வந்திருந்தேன்.

“உண்டே” என்றார் அவர், நரம்பைச் சுற்றியபடி. “அந்தோ, அந்தப் பக்கம் தாழம்பொதருக்கு எடையில ஒத்தயடிப் பாத. சிப்பி எடுக்கப் போறவங்க எறங்குவாங்க. மேல போனா ரோடு.”

அது ஆவணியில் எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பாறை வழியாகப் போகாமல், ஊருக்குள் திரும்பி, தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பாதையின் மேல்முனைக்குப் போனோம். தாழை முள் சேலையை இழுத்தது. பாதை இருந்தது. மேலே சாலையும் இருந்தது. சாலையில், ஓட்டுக் கூரையோடு ஒரு பேருந்து நிறுத்தமும் இருந்தது.

ஈஸ்வரி அந்தச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கையால் அதைத் தடவிப் பார்த்தாள்.

“இங்கன ஏறியிருப்பாக மதினி. அங்கன மூணு பேரும் தின்னுக்கிட்டு இருந்திருக்கான்க. இவுக செருப்பையும் சட்டையையும் வச்சுட்டு இப்பிடி வந்து, பனியனோட பஸ் ஏறியிருப்பாக.”

“செருப்பில்லாமலா?”

“கோவம் வந்தா செருப்பா பெருசு? எங்க அய்யா கோவத்துல பண்ணைப்புரத்துல இருந்து கம்பத்துக்கு வெறுங்காலோட நடந்தவரு.”

புளிச்சோற்றைப் பிரித்தாள். ஐந்து மாதத்தில் அவள் பசித்துச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தாள். வேகமாகப் பேசினாள். கட்டப்பனையில் விசாரிக்காத களம் இன்னும் எத்தனையோ இருக்கிறது, மூணாறு பக்கமே போகவில்லை, அவர் வந்தால் பந்தலைப் பிரித்துக்கொள்ளட்டும், தென்னை வைத்தால் என்ன குடியா முழுகிவிடும் என்றாள்.

நான் மென்றுகொண்டே கேட்டேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நானும் அவனைப் பனியனோடு பேருந்தில் ஏற்றினேன். ஜன்னலோரத்தில் உட்காரவைத்தேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் ஈஸ்வரி சொன்னாள். “வாங்க மதினி. செருப்பு இருந்த எடத்துல இருந்து இந்தப் பாதைக்கு நடந்து வர முடியுதான்னு பாத்துருவோம். வந்துட்டா பெரிய மாமாகிட்ட அடிச்சுச் சொல்லிரலாம்.”

நடுவில் இருந்தது

மறுபடி பெரிய பாறை. அதன் உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் தாழம்புதர்ப் பாதையின் அடி தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். இரண்டுக்கும் நடுவில் தாழ்வாக, தட்டையாக ஒரு பாறை. ஒரு களம் அளவு இருக்கும். அதைக் கடந்தால் அந்தப் பக்கம். அந்தத் தட்டைப் பாறையின் ஓரத்துக்குக் கீழேதான் தண்ணீர் வெளுத்து நுரைத்துக் கிடந்தது. மீன் கடிக்கும் என்று சூசை சொன்ன மாதிரித் தண்ணீர்.

கடல் அசையாமல் கிடந்தது. தட்டைப் பாறையின் மேல்புறம் முழுக்கக் கருப்பாய் நனைந்து மின்னியது. தண்ணீர் அதற்கு ஓர் ஆள் உயரம் கீழே இருந்தது.

ஈஸ்வரி அதை ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். அவசரப்படவில்லை.

“நல்லா ஈரங்காட்டிருச்சு மதினி. வாங்க, கடந்துருவோம்.”

சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஒரு காலை வைத்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஈரம் காட்டியிருந்தது, இறங்கினோம்.

“எக்கா! ஏறுங்க! ஏறுங்க மேல!”

சூசை நரம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவள் பின்னால் சரிந்து என்மேல் விழுந்தாள். அலை எழும்பி வரவில்லை. பாறைக்கு அடியிலிருந்து ஊறுவது மாதிரி, சத்தமே இல்லாமல் உயர்ந்தது. தட்டைப் பாறை மறைந்தது. அது இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் வீங்கி நின்றது. எங்கள் முழங்கால் வரை வந்து தொட்டது. அப்புறம் எல்லாம் ஒன்றாக வடக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு வழிந்தது. பாறை மறுபடி தெரிந்தது. மேல்புறம் முழுக்கக் கருப்பாய் நனைந்து மின்னியது.

“சாவதுக்கா வந்திய?” சூசை அவள் முழங்கையை இன்னும் விடவில்லை. “நனஞ்சு கெடக்க பாறையில ஆராவது எறங்குவாவளா?”

“நனைஞ்சிருந்தா தண்ணி வடிஞ்சிருச்சுன்னுதானண்ணே அர்த்தம்?” என்றாள் ஈஸ்வரி.

“ஆரு சொன்னா? நனஞ்சு கெடந்தா இப்பம்தான் அல வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். இனியும் வரும்னு அர்த்தம்.”

ஈரங்காட்டல்

இதை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் ஆற்றுத் தண்ணீர் மேலே மலையில் அணையைத் திறப்பதையும் அடைப்பதையும் பொறுத்து ஏறும், இறங்கும். கீழே இருக்கிறவர்களுக்கு யாரும் வந்து சொல்வதில்லை. அக்கரையில் வயலும் தோப்பும் இருக்கிறவர்கள் நடுவில் கிடக்கும் கற்கள் மேல் கால்வைத்துக் கடக்கவேண்டும். எப்போது கடப்பது? கல்லைப் பார்ப்பார்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே கல் காய்ந்திருந்தால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கலாம்; நிற்கவேண்டும். மட்டத்துக்கு மேலே ஒரு சாண் ஈரமாகத் தெரிந்தால் தண்ணீர் இறங்குகிறது, கடக்கலாம். “ஈரங்காட்டிருச்சா?” என்று இக்கரையிலிருந்து கூவிக் கேட்பார்கள். “காட்டிருச்சு, வாங்க” என்று அக்கரையிலிருந்து பதில் வரும். புல்லுக்கட்டோடு, கைப்பிள்ளையோடு, கல்யாணச் சீரோடு அந்த வார்த்தையை நம்பி இறங்குவோம். அது எங்களைக் கைவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஈஸ்வரி பண்ணைப்புரத்துக்காரி. அவள் ஊருக்குள் ஆறு கிடையாது. கல்யாணமான வாரம் திராட்சைப் பந்தலைக் காட்டக் கூட்டிப்போனபோது என் தம்பிதான் அவளைக் கரையில் நிறுத்தி அதைச் சொல்லிக் கொடுத்தான். நான் சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் நின்றிருந்தேன். “காஞ்ச கல்லை நம்பாத. ஈரத்த நம்பு” என்றான். அவளுக்குச் சிரிப்பு. “நல்ல ஊருக்குத்தான் என்னையக் குடுத்திருக்காக” என்றாள்.

அவன் பார்த்தது

நாங்கள் மூன்று பேரும் பாறை உச்சியில் உட்கார்ந்தோம். சூசை நனைந்த பீடிக்கட்டை வெயிலில் பரப்பினார்.

“எங்களுக்கும் எல்லாம் தெரியும்னு இல்ல பாத்துக்கிடுங்க” என்றார். “நானே ரெண்டு மட்டம் விழுந்திருக்கேன். எனக்க அண்ணன் போனதும் இந்தப் பாறையிலதான். தெரிஞ்சவனையும் கொண்டுபோவும், தெரியாதவனையும் கொண்டுபோவும்.”

ஈஸ்வரி தட்டைப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலை வந்தது, மூடியது, போனது. ஈரம் காட்டியது. கொஞ்ச நேரம் கடல் சும்மா கிடந்தது. வெயிலில் ஈரம் காயத் தொடங்கும் முன்பு மறுபடி வந்தது.

“அவுகளும் இதத்தான் பாத்திருப்பாக மதினி.”

செருப்பு இருந்த இடத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

“செருப்பக் கழட்டி வச்சுட்டு, சட்டை நனையக் கூடாதுன்னு மடிச்சு வச்சுட்டு, அங்கன நின்னு பாத்திருப்பாக. ஈரங்காட்டிருச்சுன்னு எறங்கியிருப்பாக. அந்தா அந்த ஓரத்துல நின்னு தூண்டியப் போட்டிருப்பாக.”

ஊரில் எல்லோரும் சொன்னது சரிதான். அவன் ஜாக்கிரதையான ஆள். அன்றும் ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்கிறான். காய்ந்த பாறையை விட்டுவிட்டு, நின்று நிதானித்து, ஈரமான பாறையைத் தேடி இறங்கியிருக்கிறான். அவன் நாற்பது வருடம் கற்றதெல்லாம் அங்கே அவன் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போயிருக்கிறது. இதைவிடக் கால் வழுக்கி விழுந்திருக்கலாம். இதைவிட அந்தப் பேருந்தில் ஏறிப்போய், எங்களை மறந்து, இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தியிருக்கலாம்.

தண்ணீர் வடக்கே இழுத்ததைப் பார்த்தேனே, உடம்பு அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்காதா என்று சூசையிடம் கேட்டேன். எங்கள் ஆற்றில் யாராவது போனால் எந்த வளைவில் ஒதுங்கும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அவர் தலையை ஆட்டினார். நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்கிறார்கள். இன்றைக்கு வடக்கே போகிற நீவாடு நாளைக்குத் தெற்கே போகும், நாளன்றைக்கு ஆழத்துக்கு இழுக்கும் என்றார். ஆற்றுக்கு இருப்பதுபோலக் கடலுக்குக் கீழ்ப்பக்கம் என்று ஒன்று கிடையாது. போய் நின்று காத்திருக்க ஓர் இடம் கிடையாது.

ஈஸ்வரி பையைத் திறந்து சட்டையை வெளியே எடுத்தாள். கடலில் போடப் போகிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். மறுபடி பையில் வைத்தாள்.

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. திரும்பும் பேருந்தில், திருநெல்வேலி தாண்டிய பிறகு, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடி என்னிடம் சொன்னாள்:

“நான் பேசுன பேச்சுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனாகன்னுதான் மதினி இத்தன நாளும் நெனச்சேன். கோவம்னா ஒரு நாளைக்கு ஆறும்ல. ஆறுனா வருவாகள்ல.”

நான் அவள் கையைப் பிடித்தேன். அது பிடிக்கப்பட்டது தெரியாத கைபோல இருந்தது.

“கோவமே இல்லாமப் போயிட்டாகளே மதினி. மீன் பிடிக்கத்தான் போயிருக்காக.”

இந்த ஐந்து மாதமும் பங்காளிகள் அவளுக்கு உண்மை தெரியவேண்டும் என்றார்கள். நானும் சொன்னேன். தெரிந்துவிட்டது. எதற்காக அவளுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தேன் என்று இப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. அவளிடம் இருந்தது ஒரு பொய். அதை வைத்துக்கொண்டு அவள் சாப்பிட்டாள், மலையாளம் பேசினாள், ஜீப்புகளை எண்ணினாள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தென்னை வைக்கச் சம்மதித்தாள். நான் அதைப் பிடுங்கவில்லை; கடலும் பிடுங்கவில்லை. அவளே ஒரு காலை எடுத்து அந்தப் பாறையில் வைத்தபோது அது போயிற்று. அதன் இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இன்றுவரை இல்லை.

ஊர் வந்து சேர்ந்து, நாட்குறிப்பைத் திறந்தேன். வானம் எழுதினேன். ஆறு என்று எழுதி நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், காப்பித்தண்ணி கூடக் குடிக்காமல், முதல் வேலையாக ஈஸ்வரி பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். அவர் தொழுவத்தில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“நாள் பாத்துருங்க மாமா” என்றாள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, உதறிய கையைத் துடைத்தார். பிறகு ஏதாவது கேட்கவேண்டுமே என்று கேட்டார்.

“கடலு எப்பிடித்தா இருந்துச்சு?”

“நம்ம ஆறு மாதிரியேதான் தெரிஞ்சுச்சு மாமா” என்றாள் ஈஸ்வரி.